அண்ணன் தோய்த்த கறுப்பு

ஐதராபாத்
10 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வர்ஷினி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் எல்லாம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? உங்கள் வீட்டம்மா சாரதாமணி நங்கை எப்படி இருக்கிறார்? உங்கள் நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனசு வரவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். சரி, சண்டையைக் காகிதத்தில் போடுகிறேன். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

நீங்கள் தோய்த்துக் கொடுத்த கறுப்பு, கறுப்பே இல்லை.

போனில் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னேன். அதற்குள் "ஏனுங்க விஞ்ஞானி, எனக்கே கறுப்பு சொல்லித் தாறீங்களா?" என்று வைத்துவிட்டீர்கள். மீதியை இப்போது கேளுங்கள். எங்கள் விமானத்தின் வயிற்றில் ஒரு கருவி இருக்கிறது. கேமரா மாதிரி மூன்று நிறத்தோடு நிற்காது. கீழேயிருந்து வரும் வெளிச்சத்தை நானூறுக்கும் மேற்பட்ட கீற்றுகளாகப் பிரித்துப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அதில் அடக்கம். அது ஒழுங்காக அளக்கிறதா என்று தெரிய, தரையில் பெரிதாக ஒரு கறுப்புத் துணி, ஒரு சாம்பல், ஒரு வெள்ளை விரித்து, அவற்றின் மேல் பறப்போம். அந்தத் துணிகளை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளப்பது. வெளிநாட்டில் வாங்கலாம் என்றார்கள். பறக்கப்போவதே திருப்பூருக்கு மேலே, என் அண்ணன் சாயப்பட்டறை வைத்திருக்கிறார், துணிக்கு வேறெங்கே போவது என்று மீட்டிங்கில் மார்தட்டியவள் நான்.

ஏழாம் தேதி காலை கோவையில் விமானம் தயார். தரையில் துணியைச் சோதித்தால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வரைக்கும்தான் கறுப்பு. அதைத் தாண்டியதும் உங்கள் கறுப்பு வெள்ளை வேட்டி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. வெள்ளைத் துணி அதைவிட மோசம். வெள்ளையை மின்னவைக்கும் பிரைட்னர் போடவேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தேன். நீலம் மின்னுகிறது. பறக்கும் அனுமதி அன்றோடு முடிந்தது. என் ஆட்கள் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த நிலத்தில் சாயக் கழிவும் உப்பும் ஏறியிருக்கிறது என்று வரைபடம் போடத்தான் இந்த வேலை. எந்தக் கிணற்றை மூடுவது, எந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் விடுவது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். விளையாட்டில்லை.

இன்னொன்று. துணி விரிக்க நம் தெற்குத் தோட்டத்தைக் கேட்டிருந்தேன். மரமில்லாத மேட்டு நிலம், அப்பா என் பெயருக்கு எழுதிவைத்தது. அதற்கும் பதில் இல்லை.

கோபம் ஆறாத தங்கை,
வர்ஷினி


பெருமாநல்லூர்
17 ஜனவரி 2025

விஞ்ஞானி வர்ஷினி அம்மையார் அவர்களுக்கு,

அண்ணன் சசிகுமார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வீக்கம் குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு நீ வரவில்லை என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிளாக் செய்ததும் அவளுக்காகத்தான். நீ கத்துவது ஸ்பீக்கர் போடாமலே கூடம் வரைக்கும் கேட்கிறது. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என்ன கண்ணு வழக்கு?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

கறுப்புக்கு வருகிறேன். முப்பது வருடமாகச் சாயத்தில் கை நனைத்தவன் நான். உன் துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பகல் விளக்கு, கடை விளக்கு, மஞ்சள் விளக்கு மூன்றிலும் பார்த்தேன். மூன்றிலும் கரி. வெள்ளைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் ஷேடு அது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் அது எப்படி இருந்தால் என்ன? எவன் பார்க்கப்போகிறான்? பிரைட்னர் வேண்டாம் என்று நீ எழுதியதையும் படித்தேன். நீலம் ஏறாத வெள்ளை என் பட்டறையிலிருந்து வெளியே போனால் ஊர் சிரிக்கும். அதனால் போடச் சொன்னேன். போதுமா?

தெற்குத் தோட்டத்தில் சோளம் நிற்கிறது. மிதிபடும். வேறு இடம் பார்.

காலமில்லாத காலத்தில் இங்கே மூன்று நாளாக மழை. அடுத்து எந்த நாள் பறக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்.

உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
சசிகுமார்


ஐதராபாத்
22 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஆவலெல்லாம் போய்விட்டது.

எவன் பார்க்கப்போகிறான் என்கிறீர்கள். நான் பார்ப்பேன். என் வேலையே அதுதான்.

கடை விளக்கில் ஒத்துப்போன ஷேடு வெயிலுக்கு வந்ததும் பிரிந்துவிட்டால் பையர் லாட்டையே திருப்பி அனுப்புகிறான் இல்லையா? அப்போது "என் கண்ணுக்கு ஒத்ததே" என்று அவனிடம் வாதாடுவீர்களா? உங்களிடம் இருப்பது மூன்று விளக்கு. என் கருவிக்கு நானூறு. கண்ணுக்கு ஒத்தால் போதும் என்கிற கணக்கு அதனிடம் செல்லாது.

பருத்திச் சாயம் எதைப் போட்டாலும் அகச்சிவப்பில் வெளுத்துவிடும். சாயத்தை விட்டுவிட்டுக் கரித்தூளில் முயன்று பாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். சிங்கப்பூரில் வாங்கிக்கொள்கிறோம்.

சோளம் எப்போது அறுப்பு? அறுத்ததும் அங்கேயே விரிக்கிறேன். அம்மாவை உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வர்ஷினி


பெருமாநல்லூர்
8 பிப்ரவரி 2025

வர்ஷினிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு உன்னைத்தான் திட்டுகிறாள்.

சிங்கப்பூராம்! துணி இன்று பார்சலில் வருகிறது. பிரித்துப் பார், பிறகு பேசு. திருமுருகன்பூண்டி பக்கம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் போய் உட்கார்ந்து, கரிப் பசையை இரண்டு பக்கமும் நானே நின்று ஏற்றினேன். முதல் இரண்டு துணி சரியில்லை, கிழித்துப்போட்டேன். என் கை, மூக்கு, காது எல்லாம் கரி. குளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்று சாரதாமணி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கோவையில் ஒரு கல்லூரியில் அகச்சிவப்பு வரைக்கும் அளக்கிற மெஷின் இருக்கிறது என்றார்கள். எடுத்துப்போய் அளந்தேன். மெஷின் வரைந்த கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தரையோடு படுத்துக் கிடக்கிறது. அளந்து கொடுத்த புரொபசரே இப்படிக் கறுப்பு பார்த்ததில்லை என்றார். வெள்ளையில் பிரைட்னர் இல்லை. அதைப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது.

தெற்குத் தோட்டம் வேண்டாம். கொள்ளு காய்கிறது, வண்டி விட முடியாது. எந்த நாள் பறக்கிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே? எவ்வளவு உயரத்தில் பறப்பீர்கள்? அங்கேயிருந்து பார்த்தால் செம்மண் எல்லாம் ஒன்றுபோலத்தானே தெரியும்?

அண்ணன்,
சசிகுமார்


ஐதராபாத்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

பத்தொன்பதாம் தேதி பறந்துவிட்டோம். உங்கள் கறுப்பு இந்த முறை கறுப்பு. என் மேலதிகாரி தரணீதரன் யாரையும் லேசில் மெச்சமாட்டார். அவரே துணியைத் தடவிப் பார்த்து, தோய்த்தவர் யார் என்றார். என் அண்ணன் என்றேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

துணியைத் தெய்வாத்தாள் அக்காவின் காட்டில் விரித்தோம். நம் தோட்டத்துக்குக் கிழக்கே, அந்தப் பள்ளத்தில். நம் தோட்டத்தைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்துப் பூட்டிவைத்திருக்கிறீர்கள். என் காட்டுக்குப் பூட்டு, சாவி என்னிடம் இல்லை. கொள்ளுக்கு எந்த ஊரில் தகரம் அடிக்கிறார்கள்? ஜனவரி பாதியில் நின்ற சோளம் பிப்ரவரி முதல் வாரத்தில் காய்கிற கொள்ளாக எப்படி மாறியது?

தெய்வாத்தாள் அக்கா எங்கள் எல்லோருக்கும் மோர் ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கரிக்குதுங்களா கண்ணு? உப்பு நான் போடலீங்க. கெணத்துத் தண்ணி அப்படி ஆயிப்போச்சு" என்றார். எப்போதிருந்து என்றேன். உங்கள் தோட்டத்துக்கு லாரி வர ஆரம்பித்ததிலிருந்து என்றார். என்ன லாரி என்று கேட்டதற்கு, உங்க அண்ணனைத்தான் கேட்கோணும் என்று சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்கிறேன். என்ன லாரி? இது தெரியாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் பக்கத்தில் வந்தும் வரவில்லை. அம்மாவிடம் வேறு காரணம் சொல்லிவிடுங்கள்.

வர்ஷினி


பெருமாநல்லூர்
3 மார்ச் 2025

வர்ஷினிக்கு,

சுகம். அம்மாவும் சுகம்.

தெய்வாத்தாளுடைய கிணறு ஆழம் பத்தாது, உப்புத் தண்ணீர் வருகிறது. அதற்கு ஊரெல்லாம் பழி. லாரியில் வந்தது தொழு உரம். இதற்கெல்லாம் கடிதம் எழுத எனக்கு நேரமில்லை, ஷிப்மெண்ட் இருக்கிறது.

படம் வந்துவிட்டதா?

சசிகுமார்


ஐதராபாத்
20 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதுமில்லை. அம்மாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் வந்துவிட்டது.

சோளமும் இல்லை, கொள்ளும் இல்லை. பச்சை இலை எங்கேயிருந்தாலும் கருவிக்குத் தெரியும். என் நாலு ஏக்கரில் இலையே இல்லை. வெறும் செம்மண். அதுவும் நம் மண் இல்லை. பக்கத்துக் காட்டு மண்ணோடு ஷேடு பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள், தொழில்காரர் இல்லையா? கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கருவிக்கு இது வேறு களிமண், வேறெங்கோ வெட்டி லாரியில் வந்தது.

கருவியால் மண்ணுக்குள் பார்க்க முடியாது. மேல்தோலைத்தான் பார்க்கும். முதலில் சொன்ன தேதியில் பறந்திருந்தால் வேறு மண் என்பதோடு நின்றிருக்கும். அன்றைக்கு உங்கள் துணி கறுப்பாயில்லை, பறக்கவில்லை. பொங்கல் கழிந்து மழை பெய்தது. நீங்கள் மூடிவைத்தது ஈரத்தோடு மேலே ஏறி, வெயிலில் காய்ந்து பூத்துவிட்டது. ஜிப்சம், சோடா உப்பு, சுண்ணாம்பு. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் அடியில் மிஞ்சுகிற கசடு. தோட்டத்தில் நடந்துபோனால்கூடக் கண்ணில் படாத அளவுக்கு மெல்லிசு. மட்டமான துணி விரித்திருந்தால் கருவியும் தடுமாறியிருக்கும். நீங்கள் மூக்கெல்லாம் கரியாக நின்று பூசிய கறுப்பு அவ்வளவு சுத்தம். அதனால் துளி சந்தேகமில்லாமல் பிடித்துவிட்டது.

தெற்குத் தோட்டம் மேடு. தெய்வாத்தாள் அக்காவின் கிணறு பள்ளம். அந்தத் தண்ணீரில் மோர் கரைத்து எனக்கே கொடுத்தார்.

ஒன்றுதான் கேட்கிறேன். வடக்குத் தோட்டம் உங்கள் பெயரில் இருக்கிறது. பட்டறைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அங்கே ஏன் கொட்டவில்லை?

வர்ஷினி


பெருமாநல்லூர்
27 மார்ச் 2025

வர்ஷினிக்கு,

ஆமாம், கொட்டினேன். இப்போது என்ன?

சூளையில் எரிக்கக் கசடை எடுத்துவந்த சிமெண்ட் கம்பெனிக்காரன் திடீரென்று நிறுத்திவிட்டான். ஷெட் நிறைந்து வழிகிறது. வழிந்ததை ஆபீசர் பார்த்தால் பட்டறைக்குச் சீல். எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? பீகாரிலிருந்தும் தேனியிலிருந்தும் வந்து தகர ரூமில் கிடக்கிறார்களே, அவர்களைப் போய் விமானத்திலிருந்து பார். கொஞ்ச நாளைக்கு ஓரிடத்தில் போட்டுவைப்போம், கம்பெனிக்காரன் எடுக்க ஆரம்பித்ததும் அள்ளிவிடலாம் என்றுதான் போட்டேன். நீ பறக்கப்போகிறாய் என்றதும் மேலே மண் போட்டேன். இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் செய்தேனா? நீ போட்டிருக்கிற பனியனை எவன் தோய்த்தான்? நீ படித்த படிப்பு எந்தப் பட்டறையிலிருந்து வந்தது? ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு அண்ணனை உளவு பார்க்கிறாய்.

அந்த ஒரு துண்டை மட்டும் படத்திலிருந்து எடுத்துவிடு. மேகம் மறைத்தது என்று எழுது. யார் கேட்கப்போகிறார்கள்? உன் நிலம், உன் பெயர். உன்னையே நீ காட்டிக்கொடுப்பாயா? அம்மாவுக்கு இது தெரிந்தால் தாங்கமாட்டாள், அதையும் யோசி.

சசிகுமார்


ஐதராபாத்
2 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

நலம்.

அன்று மேகம் இல்லை.

வடக்குத் தோட்டத்தில் ஏன் கொட்டவில்லை?

வர்ஷினி


பெருமாநல்லூர்
25 ஏப்ரல் 2025

வர்ஷினிக்கு, சாரதாமணி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு கண்ணு, கோபத்தில் பட்டினி கிடக்காதே.

உன் அண்ணன் எழுதமாட்டார். உனக்குப் பதில் எழுத உட்காருவார், கிழிப்பார், கிளம்பிப் போய்விடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. நீ கேட்டதற்கு நான் சொல்கிறேன்.

லாரி போக ஆரம்பித்தபோதே நான் கேட்டேன். "ஏனுங்க, அது வர்ஷினியோட காடு இல்லீங்களா?" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "அதனாலதான். நாளைக்குப் புடிச்சாங்கன்னா பட்டாவுல அவ பேரு இருக்கும். கவர்மெண்டுல இருக்கறவ. அவள யாரு என்ன பண்ணிருவாங்க?"

அப்படியே சொன்னார். ஒரு சொல் நான் கூட்டவில்லை.

அத்தைக்கும் தெரிந்துவிட்டது. தெய்வாத்தாள் வீட்டுக்குப் போனவர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு வந்து, நேராகப் போய் மகனைக் கேட்டார். அன்றிலிருந்து உன் அண்ணன் கையால் மாத்திரை வாங்குவதில்லை. நான் கொடுத்தால்தான் போடுகிறார்.

சாரதாமணி


ஐதராபாத்
1 மே 2025

அண்ணாவுக்கு,

நங்கை எழுதிவிட்டார். அவரைத் திட்டினீர்கள் என்று காதில் விழுந்தால் அதற்குத் தனியாக வருவேன்.

அவள யாரு என்ன பண்ணிருவாங்க? இந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் மேல் பாசத்தில் சொன்னீர்களா, பொறாமையில் சொன்னீர்களா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. அதைவிட எரிச்சல் ஒன்று. கொட்டும்போது நீங்கள் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கமாட்டீர்கள். தங்கச்சிதானே, தாங்கிக்கொள்வாள் என்று நிம்மதியாகக் கொட்டியிருப்பீர்கள்.

யாரும் ஒன்றும் பண்ணமாட்டார்கள் என்றால் நானே பண்ணுகிறேன். கசடு இருக்கும் நிலங்களின் பட்டியல் போய்விட்டது. முதல் பெயர் என் பெயர். யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் தரணீதரன் சார். யோசித்தாயிற்று என்றேன். தெய்வாத்தாள் அக்காவின் கிணறும் பட்டியலில் இருக்கிறது. மூடுவார்கள், குழாய் வரும்.

பதினைந்தாம் தேதி அதிகாரிகள் தோண்டிப் பார்க்க வருகிறார்கள். நிலத்துக்காரி என்று நான் நிற்க வேண்டும். யார் கொட்டியது என்று கேட்பார்கள். நான் உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். நீங்கள் வந்து நின்று, நீங்களே சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், நான்தான் கொட்டச் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் வேலை போகும். அதை நினைத்துக்கொண்டு நீங்கள் தினமும் கறுப்புத் தோயுங்கள்.

வீட்டுக்கு வரமாட்டேன். அம்மாவைத் தோட்டத்துக்கு அழைத்துவரச் சொல்லி நங்கைக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.

வர்ஷினி


பெருமாநல்லூர்
21 மே 2025

வர்ஷினிக்கு,

நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று சாரதாமணி சொன்னாள். அம்மாவுக்கு வீக்கம் இல்லை. மாத்திரை இன்னும் சாரதாமணி கையால்தான்.

உன் மேல் கோபம் தீரவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே நின்றாயே, அந்தக் கோபம். நான் வாயைத் திறக்கும்வரைக்கும் நீ அதை மூடவில்லை. சொன்னபிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முழங்கால் ஆழம் தோண்டியதும் நீலமும் சாம்பலுமாக வந்ததைப் பார்த்தாய். நாற்றத்துக்கு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. தெய்வாத்தாள் எங்கிருந்தோ நல்ல தண்ணீர் கொண்டுவந்து கரைத்த மோரை எல்லோருக்கும் ஊற்றினாள். ஆபீசருக்கு, உனக்கு, ஜேசிபி ஓட்டியவனுக்கு. என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நாற்பது வருடமாக அந்த வீட்டு மோர் குடித்தவன் நான்.

பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ஆட்களில் பாதிப்பேரை மச்சான் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். மீதிப்பேருக்கு இனிமேல்தான் இடம் பார்க்க வேண்டும்.

நீ போனபிறகு ஆபீசர் ஒன்று கேட்டார். இந்தக் கசடை எல்லாம் அள்ளிவிட வேண்டும், கொண்டுபோகும் இடத்துக்கு உத்தரவு வரச் சில மாதம் ஆகும், அதுவரைக்கும் தார்ப்பாய் விரித்து எங்கே வைப்பது என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். நேற்றிலிருந்து லாரி ஓடுகிறது. எல்லாம் வடக்குத் தோட்டத்துக்குத்தான் போகிறது.

எந்த நாள் பறக்கிறாய் என்று இனிக் கேட்கமாட்டேன். எப்போது வேண்டுமானாலும் பறந்து பார்த்துக்கொள். மேலே மண் போடவில்லை.

சசிகுமார்